நாலாவதாக நின்றவன்

திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பல வீட்டுச் சுவர்களில் என் படம் தொங்குகிறது. அந்த வீட்டுக்காரர்களுக்கு நான் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து, "இது யாரும்மா, ஓரத்துல கட்டம் போட்ட சட்டையோட?" என்று கேட்டால், "அது போட்டோக்காரரு. நாலாவது ஆளுக்காக நின்னாரு" என்று அம்மாக்கள் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டால் ஆகாது, அதிலும் நடுவில் நிற்பவருக்கு ஆகவே ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்பா, அம்மா, ஒரு பிள்ளை என்று இருக்கிற வீடு என்ன செய்யும்? நாலாவதாக யாரையாவது நிறுத்தும். பக்கத்து வீட்டுப் பெண்ணை, வந்திருக்கிற விருந்தாளியை, யாரும் கிடைக்காவிட்டால் படம் எடுக்க வந்தவனை. நான் படம் எடுத்த காலத்தில் அந்த யாரும் கிடைக்காத இடங்களுக்குத்தான் அதிகம் போனேன்.

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் ஊர்ப் புகைப்படக்காரர் சங்கத்துத் தம்பிகள். ஆண்டு மலரில் ஓய்வு பெற்றவர்களுக்கு என்று சில பக்கங்கள் வைத்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அரசுப் பள்ளியில் எழுத்தர் வேலை கிடைத்ததால் காமிராவைக் கீழே வைத்தவன். ஆனாலும் ரோல் போட்டுப் படம் எடுத்தவன் என்பதால் அவர்கள் கணக்கில் நான் கிழவன். கட்டுரை கேட்டு வந்த தம்பி டீக்கடையில் வைத்துச் சொன்னான்: "அண்ணே, இப்பல்லாம் நாலாவது ஆளே தேவையில்லண்ணே. மூணு பேரையும் தனித்தனியா எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஒட்டிருவோம். சாமிக்கே கணக்குத் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வழிதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நாலாவதாக நின்றதால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் பார்த்ததும், அது மறுபடி நடந்ததும் அவனுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் ஊர் குஜிலியம்பாறைக்கும் அந்தப் பக்கம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் செம்மண். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். பன்னிரண்டாவது முடித்தபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இனியாவது வெயில்ல நிக்காத வேலையாப் பாருப்பா." தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஸ்டூடியோவில் சேர்ந்தேன். பாஸ்போர்ட் படத்துக்கு நாற்காலி துடைத்தேன், ரோல் மாற்றினேன், நெகடிவை ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்க்கக் கற்றேன், பிறகு காமிராவைத் தொட்டேன். தொட்ட நாளிலிருந்து வெயிலில்தான் நின்றேன். அப்பா கடைசிவரை அதைச் சொல்லிக்காட்டினார்.

ஸ்டூடியோவின் முதலாளி ரோஸ்மேரி அக்கா. அவருடைய அப்பா நடத்திய கடை. அவருக்குப் பிறகு அக்கா எடுத்து நடத்தினார். சடங்கு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் பெண் போட்டோக்காரர் வருகிறார் என்றால் பெண்கள் முகத்திலேயே ஒரு நிம்மதி தெரியும். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுக்கியிருப்பார். பேச்சு குறைவு, பேசினால் வெடுக்கென்று இருக்கும்.

அக்காவின் முறை இதுதான். யாரையும் "சிரிங்க" என்று சொல்ல மாட்டார். சொன்னால் பல்தான் வரும், சிரிப்பு வராது என்பார். "மூச்ச விடுங்க" என்பார். எதிரில் இருப்பவர் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதும் தோள் இரண்டும் இறங்கும். உடனே "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார். மூன்றுக்காக எல்லோரும் விறைத்துக்கொள்ளத் தயாராவார்கள். அதற்குள் ரெண்டிலேயே அமுக்கிவிடுவார். "மூணு எங்கம்மா?" என்று கேட்பவர்களிடம், "மூணு ஆகாதுல்ல" என்பார் முகத்தில் ஒன்றும் காட்டாமல். ஒரு படம் நன்றாக வந்திருந்தாலும் பாராட்டியதே கிடையாது. பெரிது போட்டு, மாடிப்படி அடியில் தெருவைப் பார்த்து இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிடுவார். அதுதான் பாராட்டு. அந்தப் பெட்டியில் என் படம் ஒன்று ஏறவேண்டும் என்று நான் ரொம்ப நாள் ஏங்கினேன்.

ஸ்டூடியோவில் ஒரு திரை உண்டு. ஏரி, அன்னம், பின்னால் பனி மூடிய மலை. காட்டிலும் மேட்டிலும் உழைக்கிற சனங்கள் டவுனுக்கு வந்தால் அந்தத் திரை முன்னால்தான் நிற்பார்கள். கூடவே ஒரு டெலிபோனும் கையில் வேண்டும். டவுனில் பூட்டுப் பட்டறையிலும் தோல் பதனிடும் ஷாப்பிலும் வேலை பார்க்கிறவர்கள் நேர்மாறு. "மரம், செடி இருக்கிற எடமாக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். இரண்டு சாராரையும் எடுத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று: கையைப் பார்த்தால் போதும், ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். விவசாயம் பார்க்கிற சம்சாரிக்கு ஸ்டூடியோவில் தன் இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாது. வரப்பில் நின்றால் கை தானாக இடுப்புக்கோ மண்வெட்டிக்கோ போய்விடும். டவுன்காரர் தோட்டத்தில் நின்றால் கை சட்டைப்பைக்குள் ஒளிந்துகொள்ளும், கண் காலடியில் முள்ளைத் தேடும். கை நிம்மதியாகும் வரை நான் காமிராவைத் தூக்க மாட்டேன்.

வெளியில் எடுப்பதில் இன்னொரு தொல்லை உச்சி வெயில். காலையில் பூப் பறிப்பு, சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சல். சம்சாரி வீட்டுக்கு ஓய்வு கிடைப்பதே மத்தியானத்தில்தான். அந்த வெயிலில் எடுத்தால் கண் இரண்டும் குழியாக, கறுப்பாக விழும். அதனால் எங்கள் காமிராப் பையில் எப்போதும் வெளுத்த எட்டு முழ வேட்டி ஒன்று இருக்கும். ஆட்களை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டு, அவர்களுக்கு முன்னால் தரையில் அந்த வேட்டியை விரித்துவிடுவோம். வேட்டியில் பட்ட வெளிச்சம் கீழிருந்து முகத்தில் ஏறும். கன்னம் துலங்கும், கண் திறக்கும். விரிக்கும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள்: "என்ன தம்பி, படம் எடுக்க வந்தீகளா, துணி காயப்போட வந்தீகளா?"

முதல் தடவை நாலாவதாக நின்றது ஸ்டூடியோவுக்குள்தான். வேடசந்தூர்ப் பக்கமிருந்து புருசன், பெண்டாட்டி, கைக்குழந்தை. குழந்தையைச் சேர்த்து மூன்று. அந்த அம்மா தயங்கித் தயங்கி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். "போய் நில்லு. தூணு மாதிரி நில்லு. உன்னப் பாக்கவா எடுக்குறாக?" அன்று நான் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. வெளி வேலைக்கு எனக்கு அது ஒன்றுதான் உருப்படியான சட்டை. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் காமிராவை ஸ்டாண்டில் ஏற்றி, தானாக எடுக்கும் லீவரைத் தள்ளிவிட்டு, அது கிர்ரென்று ஓடி முடிவதற்குள் நான் ஓடிப்போய் ஓரத்தில் நிற்பது வழக்கமாயிற்று. தக்காளித் தோட்டம், தென்னந்தோப்பு, களத்துமேடு, மலைக்கோட்டை அடிவாரம் என்று எல்லா இடத்திலும் அதே சட்டைதான்.

பெருமாள் என்பவர் ஸ்டூடியோவுக்கு வந்தது அப்படி ஒரு படத்துக்காகத்தான். வடமதுரைக்குப் பக்கத்தில் செண்டுமல்லி போட்டிருந்தார். ஒரே மகள் தனம், பன்னிரண்டாவது பாஸ் செய்திருந்தாள். அந்த வீட்டில் முதலில் படித்தவள் அவள். அதைக் கேட்டதுமே எனக்கு அந்த வீட்டின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அக்கா திரையைக் காட்டினார். பெருமாள் அன்னத்தையும் பனிமலையையும் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இல்ல தாயி. என் பூவு அங்க நெசமாப் பூத்துக் கெடக்கு. துணியில வரைஞ்ச பூவு எனக்கு எதுக்கு? தம்பிய அனுப்பிவிடுங்க."

ஸ்டூடியோ வரைக்கும் வந்து, திரை வேண்டாம் என்று சொன்ன முதல் சம்சாரி அவர்தான். நான் போனேன். இடுப்பளவு உயரத்தில், கண் கூசுகிற ஆரஞ்சு நிறத்தில் பூ. வரப்பில் மூவரையும் நிறுத்தினேன். அப்பா, நடுவில் அம்மா, இந்தப் பக்கம் தனம். கை நிம்மதியானது. வேட்டியை விரித்தேன். நாலாவது ஆளுக்குச் சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் யாரும் இல்லை. ஒரு கன்றுக்குட்டி மட்டும் வேட்டியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"கன்னுக்குட்டிய நிறுத்திக்கிருவமா?" என்றார் பெருமாள்.

"அது என்ன மனுசக் கணக்குல சேருமாக்கும்?" என்றார் அவர் மனைவி. "தம்பி, நீங்க வந்து நில்லுங்க."

லீவரைத் தள்ளிவிட்டு ஓடினேன். பெருமாளுக்கு அந்தப் பக்கம் நிற்பதாகத்தான் நினைத்தேன். அந்தப் பக்கம் வாய்க்கால். முந்தின சாயங்காலம் தண்ணீர் விட்டிருந்ததால் முழங்கால் அளவு சேறு. சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினேன். நான் விரித்த வேட்டியே என் காலில் சுற்றியது. தடுமாறி, இரண்டு எட்டு நொண்டியடித்து, தனத்துக்குப் பக்கத்தில் வந்து விறைத்து நின்றேன். தனம் என்னைப் பார்த்து வாய் விட்டுச் சிரித்தாள். அந்த நொடியில் காமிரா டக்கென்றது.

ரோல் கழுவி வந்ததும் அக்கா பூதக்கண்ணாடி வைத்து அந்த நெகடிவை ரொம்ப நேரம் பார்த்தார். கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். மறுவாரம் நான் மாடி ஏறும்போது அது கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பின்னால் பூக்காடு, வேட்டி வெளிச்சத்தில் நாலு முகம், தலையைத் திருப்பிச் சிரிக்கிற ஒரு பெண். பெருமாள் பூ மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம் கூட வந்தவர்களை இழுத்து வந்து காட்டினார். நானும் டீ குடிக்க என்று இறங்கி இறங்கிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதற்குமுன் எனக்குக் கிடைத்த சான்றிதழ் எதுவும் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை.

சில மாதம் கழித்துத் தனத்துக்கு மாப்பிள்ளை அமைந்தது. திண்டுக்கல் டவுனிலேயே பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் வேலுச்சாமி என்பவரின் ஒரே மகன் பாண்டி. பூ வைத்து உறுதி செய்துவிட்டார்கள். எங்களுக்குத்தான் கல்யாண ஆர்டர்.

அப்புறம் ஒரு நாள் பெருமாள் தனியாக வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"தம்பி, கீழ இருக்க படத்த எடுத்துருங்க" என்றார்.

என்னவென்று அக்கா கேட்டார். மாப்பிள்ளையின் அத்தை, வேலுச்சாமியின் அக்கா, பழனியில் வாழ்க்கைப்பட்டவர், ஜவுளி எடுக்க வந்திருக்கிறார். போகிற வழியில் கண்ணாடிப் பெட்டியில் படத்தைப் பார்த்திருக்கிறார். நிச்சயம் செய்த பெண், ஒரு வாலிபனைப் பார்த்துச் சிரித்தபடி, அவன் பக்கத்தில். தெருவே பார்க்க.

"அது போட்டோ எடுக்க வந்த பையன்னு சொன்னேன். 'ஏனுங்க, போட்டோ எடுக்குறவன் போட்டோவுக்குள்ள என்னுங்க பண்றான்?'னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?" பெருமாளின் குரல் இறங்கிவிட்டது. "மாப்பிள்ள வீட்டுல முகூர்த்தத்தத் தள்ளிப் போடுவோம்கிறாக. தள்ளிப் போடுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா தாயி? படிச்ச புள்ளைன்னு பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப அந்தப் படிப்பையே குத்திப் பேசுறாக."

"நான் போயி அவுக கால்ல விழுந்து சொல்றேங்கா" என்றேன்.

"விழு" என்றார் அக்கா. "தப்புப் பண்ணவனும் அதத்தான் பண்ணுவான்."

"அப்ப ஓரத்துல என்னை மட்டும் வெட்டிட்டுப் புதுசாப் போட்டுரலாம்."

"வெட்டினா மூணு பேரு ஆயிரும். அது ஒண்ணு. அப்புறம், வெட்டுன படத்தத்தாண்டா ஊரே உத்துப் பாக்கும். எதுக்கு வெட்டுனான்னு." பெருமாளிடம் திரும்பினார். "பெட்டியிலருந்தும் எடுக்க மாட்டேன்யா. எடுத்தா ஆமான்னு ஒத்துக்கிட்ட மாதிரி. உங்க புள்ள என்னத்துக்கு ஒத்துக்கணும்? நீங்க நாளைக்கு வாங்க. நாம மூணு பேரும் அவுக வீட்டுக்குப் போவோம்."

வாசல் வரை போன பெருமாள் நின்றார். "மூணு பேரா?" என்றார். அத்தனை கவலையிலும் அதைக் கேட்டார்.

"படம் எடுக்கத்தான் மூணு ஆகாது. பேச ஆகும், போங்க" என்றார் அக்கா.

அன்று பகல் பூராவும் நெகடிவ் உறைகளை இறக்கி ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்த்தோம். நெகடிவில் எல்லாம் தலைகீழ் நிறம். என் நீலச் சட்டை மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் கட்டத்தைக் கண்ட இடத்தில் எல்லாம் அக்கா நிறுத்தினார். பார்க்கப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வீட்டிலா நின்றிருக்கிறேன்? லேபுக்குக் கொடுத்து எல்லாவற்றையும் கையளவு பிரிண்ட் போட்டு வாங்கினோம்.

மறுநாள் கிளம்பும்போது நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். அக்கா மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு பாக்கவாடா போறோம்? போய் அந்தக் கட்டச் சட்டைய மாட்டிக்கிட்டு வா. அப்படியே ஸ்டாண்டையும் காமிராவையும் எடுத்துக்க."

வேலுச்சாமி வீடும் பட்டறையும் ஒரே முற்றத்தில் இருந்தன. உள்ளே நாலைந்து பேர் அரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் அந்தச் சத்தம் நின்றது. வேலுச்சாமி எழுந்து வரவேற்றார், ஆனால் கண் தன் அக்காளையே பார்த்தது. பழனி அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மரியாதை கொஞ்சமும் குறையாத பேச்சு. அதுதான் பயமாக இருந்தது.

"வாங்க, வாங்க. உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா? இந்தத் தம்பிதானுங்க அது?"

"இவன்தான்" என்றார் அக்கா. கோரைப்பாயை விரிக்கச் சொல்லி, கொண்டுவந்த படங்களை அதன் மேல் வரிசையாகப் பரப்பினார்.

அத்தை குனிந்து ஒன்றை எடுத்தார். "இது யாருங்க?"

"ஒட்டன்சத்திரம். தக்காளித் தோட்டம்."

"இந்தத் தம்பி ஏனுங்க நிக்குது?"

"அவுக மூணு பேரு."

அடுத்தது. "இது?"

"நத்தம். தென்னந்தோப்பு. மூணு பேரு."

"இதுல எருமைக்குப் பின்னால நிக்குறாப்ல?"

"எடம் இல்ல. எருமை நகரமாட்டேன்னுருச்சு" என்றேன் நான். அக்கா என்னை முறைத்தார்.

வேலுச்சாமி மெல்ல வந்து பாயோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பட்டறை ஆட்கள் கழுத்தை நீட்டினார்கள். "ஏலே, இது நம்ம தோல் ஷாப்பு மாரியப்பன் வீடுல்ல? அவன் வீட்டுலயும் நிக்கிறானப்பா!" என்றார் ஒருவர். "சட்டையப் பாரு, எல்லாத்துலயும் அதே சட்டை!" வேலுச்சாமிக்குத் தோள் குலுங்கியது. அடக்கிக்கொண்டு தன் அக்காளைப் பார்த்தார்.

அத்தை கடைசிப் படம் வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சரிங்க. எல்லாத்துலயும் நிக்குது, ஒத்துக்கிறனுங்க. ஆனா இத்தன படத்துலயும் யாராச்சும் இந்தத் தம்பியப் பாத்துச் சிரிக்கிறாங்களா? எங்க வீட்டுக்கு வாரவ ஒருத்தி மட்டுந்தான் சிரிக்கிறா. அதுக்கு என்னுங்க சொல்றீங்க?"

பெருமாளின் தலை குனிந்தது. நியாயமான கேள்விதான். மற்ற இடங்களில் எல்லாம் நான் கால் தடுக்காமல் ஓடிவந்து தூண் மாதிரி நின்றிருக்கிறேன்.

அக்கா கிராம்பை மாற்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "உங்க வீட்டுல எத்தன பேருய்யா?" என்று வேலுச்சாமியைக் கேட்டார்.

"நானு, இவ, பய. மூணுதான்."

"குடும்பப் படம் இருக்கா?"

அதுவரை கதவோரம் நின்று வாயே திறக்காத வேலுச்சாமியின் மனைவி சொன்னார்: "ஒண்ணு கூட இல்லம்மா. மூணு பேருன்னே எடுக்காமப் போச்சு."

"வந்து நில்லுங்க. முருகேசு, வேட்டிய விரி."

உள்ளே இருந்த பாண்டியையும் கூப்பிட்டு, பட்டறை வாசலில் மூவரையும் நிறுத்தினேன். வேட்டியை விரித்தேன். அத்தையை எங்கே நிற்கச் சொல்வது என்று நான் விழித்தபோது அவரே, "நான் நிக்கலீங்க. நான் பாக்கணும்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். லீவரைத் தள்ளினேன்.

"முருகேசு, ஓடு" என்றார் அக்கா.

ஓடினேன். வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தடவை கால் தடுக்கவே கூடாது என்றுதான் ஓடினேன். வேட்டியைத் தாண்டிக் காலை வைத்த இடத்தில் பூட்டு உடல்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. தட்டு கவிழ்ந்து, பூட்டுகள் கணகணவென்று முற்றமெங்கும் உருண்டன. நான் ஒரு சுற்றுச் சுற்றி, கையை விரித்து, வேலுச்சாமியின் மனைவிக்குப் பக்கத்தில் வந்து விறைத்து நின்றேன். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்தார், அடங்கவில்லை; தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துவிட்டார். டக்.

முற்றம் முழுக்கச் சிரித்தது. எல்லோரும் ஓய்ந்து அத்தையைப் பார்த்தோம். அவர் தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ள இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, "ஏந்தம்பி, உனக்கு நேரா ஓடவே வராதுங்களா?" என்றார். அவர் வாயோரமும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. எழுந்து பெருமாளிடம் போய்க் கையைக் கூப்பினார். "முகூர்த்தம் வெச்ச நாள்லயே நடக்கட்டுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

பெருமாள் அவசரமாகப் பதிலுக்குக் கும்பிட்டார். குனிந்து, உருண்ட பூட்டுகளைப் பொறுக்கித் தட்டில் போட ஆரம்பித்தார். வேலுச்சாமியும் உட்கார்ந்து பொறுக்கினார். சம்பந்திகள் இருவரும் அப்படிப் பொறுக்குவதை ஒரு படம் எடுத்தேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கல்யாணத்தன்று பார்த்தால் தனம் சிரிக்கவில்லை. மாலை மாற்றும்போதும், தாலி கட்டி முடிந்த பிறகும், தோழிகள் கேலி செய்தபோதும் உதட்டை ஒட்டிவைத்தது போல் இருந்தாள். அக்கா "மூச்ச விடும்மா" என்று சொல்லிப் பார்த்தார். தோள் இறங்கியது, முகம் இளகவில்லை. ஆட்கள் விலகிய நேரத்தில் நான் பக்கத்தில் போய், "என்னம்மா தனம்?" என்றேன்.

"வேணாம்ணே" என்றாள் மெதுவாக. "ஒரு தடவ சிரிச்சதுக்கே எங்கப்பா எம்புட்டுத் தடவ பஸ் ஏறி எறங்கினாரு. இனி போட்டோவுல நான் சிரிக்க மாட்டேன்."

அந்த ஆல்பத்தை இன்றைக்குப் பிரித்தாலும் எனக்கு முழுசாகப் பார்க்க முடியாது. வெளிச்சம் சரி, நிறம் சரி, எல்லாம் சரி. கல்யாணம் நின்றுவிடாமல் காப்பாற்றிவிட்டோம், அந்தச் சிரிப்பைக் காப்பாற்றவில்லை.

மறுவீட்டு விருந்துக்கு என்னை வடமதுரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேலுச்சாமியும் மனைவியும் வந்திருந்தார்கள், பழனி அத்தையும். சாப்பாடு முடிந்ததும் வேலுச்சாமி பூக்காட்டைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, இங்கயே எங்க வீட்டுப் படம் ஒண்ணு எடுங்க" என்றார். அதே வரப்பு. அடுத்த போகம், மறுபடி அதே ஆரஞ்சு. வேலுச்சாமி, அவர் மனைவி, பாண்டி, தனம். நான் வேட்டியை விரித்தேன், காமிராவை ஸ்டாண்டில் ஏற்றினேன். வழக்கப்படி கை லீவருக்குப் போனது.

"தம்பி, நீங்க வர வேணாம்" என்றார் வேலுச்சாமி. குரலில் அப்படி ஒரு மிதப்பு. "இப்ப நாங்க நாலு பேரு."

காமிரா வழியாகப் பார்த்தேன். மூன்று முகத்தில் வெளிச்சம் இருந்தது. நாலாவது முகம் கல்யாணத்தில் இருந்தது போலவே இறுகியிருந்தது. கை மட்டும் பழைய பழக்கத்தில் பக்கத்துச் செடியின் பூவைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி அமுக்கினால் எனக்குக் கிடைக்கப்போவது அந்த ஒட்டிய உதடுதான். அத்தை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தனத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏந்தம்பி" என்றார். "செத்த ஓடித்தான் காட்டுங்களேன்."

தனம் சட்டென்று அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. லீவரைத் தள்ளினேன். ஓடினேன். வேட்டியில் காலை வைத்தேன், அது சுற்றியது, சுற்றட்டும் என்று விட்டேன். நொண்டியடித்துக்கொண்டு அவர்கள் பக்கம் போனேன். ஆனால் நிற்கவில்லை. வேலுச்சாமியைத் தாண்டி, வேட்டியை ஒரு காலில் இழுத்துக்கொண்டே நேராக வாய்க்கால் சேற்றுக்குள் போய் விழுந்தேன்.

பின்னால் கேட்டது அந்தச் சிரிப்பு. அதற்குள்ளே டக்கென்ற சத்தமும்.

படத்தை அக்கா பெரிது போட்டார். கண்ணாடிப் பெட்டியில் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் வேலையை விட்டுப் போகிற நாள் வரை அந்த இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன.

இந்தக் கட்டுரையோடு போடுவதற்காக அந்த இரண்டாவது படத்தைச் சங்கத்துத் தம்பியிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தவன், "அண்ணே, சூப்பர் படம்ணே. நாலு பேரும் என்னமாச் சிரிக்கிறாங்க!" என்றான். பிறகு திரையின் இடது மூலையில் விரலை வைத்தான். அங்கே வேட்டியின் ஒரு முனையும், கிளம்பிய செம்மண் புழுதியும் மங்கலாக விழுந்திருக்கின்றன.

"இது என்னமோ அழுக்கு மாதிரி இருக்குண்ணே. அழிச்சிரவா?"

"அழிக்காதப்பா" என்றேன். "அது நான்."